மூன்றாம் நிமிடத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை

வலியக்காவைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பல வருடங்கள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். உண்மை வேறு. அவள்தான் என் மூக்கை உடைத்து உள்ளே வந்தாள்.

நான் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் பிரசவப் பாடம் நடத்துகிறேன். எங்கள் மாணவிகளுக்குத் தாளில் எழுதுவது மட்டும் பரீட்சை இல்லை. ஓர் அறையில் கட்டிலைப் போட்டு, அதில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, கர்ப்பிணியைப் போலவோ பிள்ளை பெற்றவளைப் போலவோ நடிக்கச் சொல்வோம். அவளுக்கு உடம்பில் என்னென்ன செய்கிறது என்பதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவோம். மாணவி உள்ளே வந்து ஐந்து நிமிடத்துக்குள் கேட்க வேண்டியதைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். அட்டைகளை எழுதுவது நான். கட்டிலின் பக்கத்தில் ஸ்டாப்வாட்சும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்து மார்க் போடுவதும் நான்.

அன்று வகுப்பு ஒத்திகையில் படுத்திருந்தவள் நாடகங்களில் நடிக்கிற பெண். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். மாணவிகள் மிரண்டு போனார்கள், எனக்குப் பரம திருப்தி. அப்போது வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்திலிருந்து துவைத்த விரிப்புகளைக் கொண்டுவந்த பெண்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம். இந்தம்மா வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறாங்க. வலி வயித்துலயா ஆரம்பிக்கும்?"

"பின்ன எங்க ஆரம்பிக்குமாம்?"

"எனக்கு முதுகுலதான். இடுப்புக்குக் கீழ யாரோ ரெண்டு கட்டைவிரல வச்சு அழுத்துவாங்க. அங்கேர்ந்து முன்னால வந்து அடிவயித்த இப்படி முறுக்கும்." கையிலிருந்த விரிப்பின் நுனியை எடுத்து முறுக்கிக் காட்டினாள். "முறுக்கி முடிக்கிற வரைக்கும் கத்தவே வராது மேடம். மூச்சு எங்க இருக்கு கத்துறதுக்கு? விட்டப்புறம்தான் சத்தமே வரும்."

இருபது மாணவிகளும் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் கல்யாணமே செய்துகொள்ளாதவள். முந்நூறு பிரசவம் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட என் உடம்பில் நடந்ததில்லை. கட்டிலுக்கு வெளியே நின்று பார்த்ததையும் புத்தகத்தில் படித்ததையும் வைத்துத்தான் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அதை ஒரு சலவைக்காரி எல்லோர் முன்னாலும் சொல்லாமல் சொல்லிவிட்டாள். கோபம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. எட்டாம் நாள் நானே சலவைக்கூடத்துக்குப் போய், கட்டிலில் படுக்க வருகிறாயா என்று கேட்டேன்.

"படுத்துக்கிட்டே செய்யிற வேலையா? என் ஜென்மத்துல கேள்விப்பட்டதில்லையே மேடம்," என்று சிரித்தாள்.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு பையன்கள். கணவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நீராவியில் வெந்து வெந்து அவள் விரல் நுனிகளில் ரேகையே இருக்காது. ஆனால் அந்த உடம்பு தனக்கு நடந்த ஒன்றையும் மறக்கவில்லை. நான் அட்டையில் 'நாவின் சுவையில் மாற்றம்' என்று எழுதிக் கொடுத்தால், "பெரியவனுக்கு மூணாம் மாசம் வாயில துருப்பிடிச்ச ஆணிய வச்ச மாதிரி இருந்துச்சு, பச்சத் தண்ணி குடிச்சாலும் ஆணிதான்," என்று மாற்றிவிடுவாள். 'மார்பில் கனம்' என்றால், "பஸ் பள்ளத்துல இறங்குறப்ப ரெண்டு கையாலயும் மாரப் பிடிச்சுக்குவேன், பாக்குறவங்க என்ன நினைச்சா எனக்கென்ன, வலி எனக்குத்தானே?" என்பாள். பிரசவம் முடிந்ததும் லேசான நடுக்கம் வரலாம் என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தேன்.

"லேசாவா? பல்லும் பல்லும் அடிச்சுக்கிட்டுக் கட்டிலே கடகடன்னு ஆடிச்சு. குளிரே இல்ல மேடம். உடம்பு பயந்துபோச்சு, அவ்வளவுதான்."

தையல் போட்ட மறுநாள் முதல் தடவை சிறுநீர் கழிக்கும்போது எத்தனை தையல் என்று டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை, தானே எண்ணிவிடலாம் என்பாள். பால் கொடுக்கும்போது கர்ப்பப்பை திரும்பவும் சுருங்கி இழுக்கும் வலியை இரண்டாவது பிள்ளைக்குத்தான் அறிந்தாளாம். பிள்ளை வாய் வைக்கும்போதெல்லாம் கால் கட்டைவிரலை மடக்கிக்கொள்வாளாம். சின்னவன் பிறந்து நான்கு மாதம் கழித்தும் வயிற்றுக்குள் உதை விழுந்ததாம். "அவன் பக்கத்துல படுத்துத் தூங்குறான். அப்ப உள்ள உதைக்கிறது யாருடான்னு நானே வயித்தத் தட்டிப் பாத்தேன்." மாணவிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் வலியக்கா.

ஓர் அட்டை மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. பதினான்காம் அட்டை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் இரத்த அழுத்தம் எகிறிப்போன பெண்: தாங்க முடியாத தலைவலி, கண்ணில் பறக்கும் வெளிச்சப் புள்ளிகள், வலது விலாவுக்குக் கீழே அழுத்தும் வலி. உடனே அழுத்தத்தை அளக்க வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், கட்டிலை விட்டு நகரக்கூடாது. "இது எனக்கு வந்ததில்ல மேடம். நீங்க எழுதினபடியே சொல்லிடுறேன்," என்றாள். அப்படியே சொன்னாள். மற்ற அட்டைகளில் அவள் பேசுவாள், இதில் நான் பேசினேன்.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். கட்டிலில் அவள் சொல்வதெல்லாம் நடிப்பு. நடுவில் நிஜமாகவே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதற்காக ஒரு விதி வைத்திருந்தோம். கையைத் தூக்கி "நிஜம்" என்று சொன்னால் பரீட்சை அந்த நொடியே நிற்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சொல்வாள். கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், அல்லது ஏதாவது ஒரு பெண்ணின் நகம் பட்டுவிடும். சொன்னதும் எல்லோரும் ஓடி வருவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், காலைத் தேய்த்துவிடுவார்கள்.

அந்த வார்த்தையைக் கெடுத்தது நான்.

ஒரு வருடம் வந்த மாணவிகள் படு கெட்டிக்காரிகள். எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள் போலிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. எதற்கும் கலங்காமல் வேலையைத் தொடர்கிறார்களா என்று சோதிக்கப் போவதாகப் பிரின்சிபாலிடம் சொல்லி, அட்டையின் நடுவில் எழுதினேன்: 'இந்த இடத்தில் கையைத் தூக்கி நிஜம் என்று சொல்லவும். நிறுத்துகிற மாணவிக்கு இரண்டு மார்க் குறைவு.'

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வேண்டாம் மேடம். மத்ததெல்லாம் உங்க இஷ்டத்துக்கு எழுதுங்க. இந்த ஒரு வார்த்தை எனக்குன்னு இருக்கட்டும்."

"நடிக்கத்தானே வர்றே? இதுவும் நடிப்புதான்," என்றேன். இப்படிப் பேசுகிற வாய்க்கு அன்றே சூடு வைத்திருக்க வேண்டும்.

இருபது பேரில் பதினொரு பேர் ஏமாந்தார்கள். அதில் ஒரு கண்ணாடிக்காரப் பெண், பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள். வகுப்பிலேயே முதலாவதாக வர வேண்டியவள், அந்த இரண்டு மார்க்கில் மூன்றாவதாகிப் போனாள். கழிப்பறையில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். வலியக்கா போய்க் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்கவில்லை. அந்த வருடத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு பாடத்தை மட்டும் மறக்காமல் கற்றுக்கொண்டு போனார்கள்: வலியக்கா நிஜம் என்று சொன்னால் நம்பக்கூடாது.

முப்பத்துமூன்று வயதில் அவள் மூன்றாவது முறை கர்ப்பமானாள். "தலையணை மிச்சம்!" என்று பிரின்சிபால் குதூகலித்தார். ஒரு நாளைக்கு இருபது மாணவிகள் அந்த நிஜ வயிற்றை அழுத்தி, தலை எங்கே, முதுகு எங்கே என்று தடவிப் பார்த்தார்கள். "ஐஸ் மாதிரி கைய வைக்காதீங்கடி, தேச்சுட்டு வைங்க," என்று திட்டுவாள். உள்ளே இருந்த குழந்தை அந்தக் கைகளை உதைக்கும். எட்டாம் மாதம் விலா எலும்புக்குள் குதிகாலை மாட்டிக்கொண்டு விடாது என்றும், நடந்தால் கீழே மின்சாரம் அடித்த மாதிரி ஒரு வெட்டு வெட்டும் என்றும் சொல்வாள். சொல்லும்போதே, இதை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள் என்பாள். நானும் எழுதிக்கொள்வேன்.

பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மாணவி அவளுடைய இரத்த அழுத்தத்தை அளந்து நூற்றைம்பது, தொண்ணூற்றாறு என்று எழுதினாள். நான் அதைச் சிவப்பில் அடித்து, 'காதைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அள' என்று எழுதினேன். மறுபடி அளக்க நேரம் இல்லை, மணி அடித்துவிட்டது. அன்று அவள் மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விரல் வீங்கியிருந்தது. ஒன்பதாம் மாதம், வீங்கத்தான் செய்யும் என்று நினைத்தேன்.

திங்கள்கிழமை பெண் குழந்தை பிறந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மாணவிகள் சேர்ந்து வாங்கிய கம்பளிப் போர்வையோடு பக்கத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் போனேன். அங்கே பணியில் இருந்தது, படித்து முடித்து நர்ஸாகியிருந்த அந்தக் கண்ணாடிக்காரிதான். எட்டுக் கட்டில், ஒரே நர்ஸ்.

"வாங்க மேடம். உங்க ஸ்டார் காலையிலேர்ந்து ஒரே நடிப்பு," என்றாள்.

வலியக்கா ஜன்னல் வெளிச்சம் படாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"மேடம், தலை வலி தாங்க முடியல. கண்ணுல புள்ளி புள்ளியா வெளிச்சம் பறக்குது. இங்க, வலது விலாவுக்குக் கீழ அழுத்துது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதினாலாம் அட்டை! ஒரு வார்த்தகூட விடலியே. லீவுலயும் ஒத்திகையா?"

"இல்ல மேடம். எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல." இரண்டு கையையும் தூக்கினாள். "நிஜம் மேடம். நிஜம்."

"போங்கக்கா. இந்தத் தடவை ரெண்டு மார்க்க விட மாட்டேன்," என்றாள் கண்ணாடிக்காரி.

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். இதை வேறு எப்படியும் பூசி மெழுக எனக்கு வாய் வரவில்லை. போர்வையைக் கட்டிலில் வைத்தேன், குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவள் கையை இன்னும் இறக்கவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கணவர் பையன்களோடு வந்திருக்கிறார். அவள் பால் டம்ளரை வாங்கினாள். டம்ளர் கையிலிருந்து நழுவியது. கையைத் திட்டப் போனவளுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பிறகு குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அன்று காலை எட்டுக் கட்டிலுக்கும் ஒரே இரத்த அழுத்தம் எழுதியிருந்தது. எட்டுப் பேருக்கும் நூற்றிருபது, எண்பது.

விசாரணை நடந்தது. கண்ணாடிக்காரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அட்டை எழுதியதற்கோ சிரித்ததற்கோ யாரையும் நீக்க எந்த விதியிலும் இடம் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய கணவர் மட்டும் பள்ளி வாசலில் பெயிண்ட் காய்ந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்று என்னிடம் கேட்டார்: "உடம்புல நடக்கிறத என் பொண்டாட்டி மாதிரி யாராலயும் சரியாச் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, சுவர் முழுக்க வெவ்வேறு நிறத்தில் மிச்சப் பெயிண்ட் பூசியிருந்தது. வலது கையும் காலும் வரவில்லை. அந்தப் பக்கம் முழுக்க உணர்ச்சியும் இல்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. குழந்தை அழுதது. உடனே அவள் சட்டையின் வலது பக்கம் நனைந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. கணவர் ஒரு துண்டை எடுத்து அங்கே வைத்தார். கெண்டைக்கால் இழுப்பிலிருந்து உள்ளே விழும் உதை வரை ஒவ்வொன்றையும் கணக்காகச் சொன்னவளுக்கு, தன் பால் தன் மேல் வழிவதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

"புள்ள... இந்தப் பக்கம்... வாய் வச்சா... சுவத்துல வச்ச மாதிரி," என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுது முடிக்கும்வரை சலிப்போடு காத்திருந்தாள்.

ஒரு வருடம் போனதும் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "நிஜமாவே ஒரு பக்கம் வராதவங்க. நம்ம பொண்ணுங்களுக்கு இந்த மாதிரி வாய்ப்பு எங்க கிடைக்கும்? கேட்டுப் பாருங்களேன்." வாய்ப்பாம். அந்த மனிதரை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை, போய்க் கேட்டேன். கதவுக்கு வெளியே துரத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வர்றேன்," என்றாள். "ஆனா... அட்டைய... நான் சொல்வேன். நீங்க... எழுதுங்க."

அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஒரு வியாழக்கிழமை காலை, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள். இந்த முறை வார்த்தைகள் அவளுடையவை. தலைக்குள்ளே கொதிக்கிற பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடுவது. கண்ணை மூடினாலும் போகாத வெளிச்சம். விலாவுக்குக் கீழே, எட்டாம் மாதம் குழந்தை குதிகாலை மாட்டிய அதே இடத்தில், குழந்தை இல்லாமலே வலிப்பது. கடைசியில், மாணவி அதுவரை நம்பாவிட்டால் மூன்றாம் நிமிடத்தில் கையைத் தூக்கி நிஜம் என்று சொல்வது. "நம்பினா... அது வேண்டாம்," என்றாள்.

பரீட்சையன்று கணவர் அவளைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்திவிட்டு வேலைக்குப் போனார். முதலில் வந்தவள் வகுப்பிலேயே மக்கு என்று நான் பெயர் வைத்திருந்த பெண். அவள் கட்டில் ஓரத்தில் குனிந்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டாள். தலைவலி என்றதும் அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். வெளிச்சம் என்றதும் கதவைப் பார்த்து, "டாக்டரக் கூப்பிடுங்க, நான் இவங்கள விட்டு வர மாட்டேன்," என்று கத்தினாள்.

வலியக்கா என் பக்கம் தலையைத் திருப்பினாள். "எவ்வளவு... நேரம்... மேடம்?"

ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். "ஒரு நிமிஷம் அம்பது செகண்ட்."

அடுத்தவளை வரச் சொன்னேன். ஆறு பேர் வந்து போனார்கள். ஒருத்திக்குக்கூட மூன்றாம் நிமிடம் தேவைப்படவில்லை.

ஏழாவது மாணவி உள்ளே வந்து இன்னும் வாயைத் திறக்கவில்லை. வலியக்கா இடது கையைத் தூக்கினாள். வலது கையும் எழுந்ததாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அது விரிப்பின் மேல் அப்படியே கிடந்தது.

"நிஜம்," என்றாள்.

மாணவி திகைத்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மடியிலிருந்த அட்டையைப் பார்த்தேன். அந்த வார்த்தை மூன்றாம் நிமிடத்தில்தான் வர வேண்டும். இன்னும் பத்து நொடிகூட ஆகவில்லை. விரலை வைத்து வரியைத் தேடினேன், சரிபார்த்தேன், பிறகுதான் நிமிர்ந்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியிருந்தது. முகத்தில் வலி எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள். "இப்பவும்... அட்டையத்தான்... பாத்தீங்க."

மாணவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வலியக்கா தலையணையில் தலையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள்.

"ஆரம்பிக்கச் சொல்லுங்க மேடம். இன்னும்... பதினாலு பேர்... இருக்காங்க."